வைப்பாளருக்கு எது காப்பு?

வங்கிப் புத்தகத்தில் எழுதப்பட்ட தொகை, வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவைத்த பணத்துக்குச் சமமானதென்றே நம் மக்களிற் பலர் எண்ணி வருகின்றனர். சட்டத்தின் நிலை வேறு. 1848இல் ஃபோலி எதிர் ஹில் என்னும் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பின்படி, வங்கியில் இட்ட பணம் வங்கிக்கே சொந்தமாகின்றது. இட்டவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவராகின்றார். வங்கித் தொழில் பற்றிய ஆங்கிலச் சட்டத்தை 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்நாட்டுக்குக் கொண்டுவந்தமையால், நம்மவர் நிலையும் அதுவே. வங்கி பணங்கொடுக்க இயலாது போனால், வைப்பாளர் மற்றக் கடன் கொடுத்தோருடன் வரிசையில் நிற்கவேண்டியவரே.

2002இல் பிரமுக சேமிப்பு அபிவிருத்தி வங்கியின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது. அன்று வைப்பாளருக்குக் கட்டாயக் காப்புறுதி எதுவும் இருக்கவில்லை. அது வந்தது 2010இல். 2020 மே மாதத்தில் த பினான்ஸ் கம்பனி அனுமதிப்பத்திரத்தை இழந்தபொழுது, இத்திட்டத்தின்கீழ் ஒருவருக்கு ஆறு இலட்சம் ரூபா வரையிலேயே நட்டஈடு கிடைக்கக்கூடியதாயிருந்தது. 2021இல் அவ்வெல்லை பதினொரு இலட்சமாயிற்று. இத்திட்டத்துக்கு 2023ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க வங்கித்தொழில் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் உறுதியான அடிப்படை அளித்தமையை நாம் வரவேற்கின்றோம்.

ஆயினும் எல்லை விதித்த மறு ஆண்டிலேயே பணத்தின் பெறுமதி சரிந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் எழுபது சதவீதத்தை அண்மியது. முன்னர் பதினொரு இலட்சத்தாற் பெறத்தக்கதாயிருந்த விதையும் உரமும் கூலியும் அதன்பின் அத்தொகைக்கு எட்டவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் உபகாரப் பணமோ, காணி விற்றுப் பிள்ளையின் படிப்புக்கென இட்ட தொகையோ இவ்வெல்லையை இலகுவிற் கடந்துவிடும். எல்லையை விலைச் சுட்டெண்ணோடு பிணைத்து, குறித்த கால ஒழுங்கில் உயர்த்தும் கடப்பாட்டைச் சட்டத்திலேயே எழுதவேண்டுமென நாம் கேட்கின்றோம். அமைச்சரின் மனமிரங்குதலுக்கு இதனை விடலாகாது.

காப்பு ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு என்றே கணக்கிடப்படுகின்றது. ஒரே வங்கியில் நான்கு புத்தகங்கள் வைத்திருப்பதாற் பயனில்லை. பெருந்தொகை உடையோர் அதனைப் பல நிறுவனங்களிற் பிரித்திடுதல் நன்று. இதனைச் சொல்லாத முகாமையாளர்மீது கோபிப்பானேன்? பணத்தைத் தம்மிடமே வைத்திருக்கச் செய்வதல்லவோ அவர் தொழில்!

அனுமதிப்பத்திரம் பெறாத இடத்தில் இட்ட பணத்துக்கு இத்திட்டம் ஒரு சதமும் கொடாது. 2008இல் வீழ்ந்த கோல்டன் கீ கம்பனி மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமன்று என்பதை அதில் முதலிட்டோர் பலர் காலங்கடந்தே அறிந்தனர். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிட்டே வருகின்றது. அது கொழும்பிலுள்ளோர் கண்ணிற் பட்டாற் போதாது. கமநல சேவை நிலையங்களிலும் பிரதேச செயலகங்களிலும் தமிழில், கமக்காரன் நின்று வாசிக்கக்கூடிய எழுத்தில், ஒட்டப்படல் வேண்டும்.