பெட்டிச் சாவி யாரிடம்?

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது? செலவு செய்கிறவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் இன்னொருவர் என்றால் குடித்தனம் ஒழுங்காக நடக்கும் என்பது நம் பாட்டிமார் கண்ட உண்மை.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தாரும் அப்படித்தான் நினைத்தார்கள் போலும்! 4 வருஷத்துக்கு ஒரு முறை மேயரைத் தேர்ந்தெடுக்கும்போதே, நகரப் பொக்கிஷதாரையும் தனியே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். செலவைத் தீர்மானிப்பது மேயரும் நகரசபையும். பணத்தைப் பத்திரமாக வைத்து, வட்டி வரும்படி முதலீடு செய்வது பொக்கிஷதார். அவர் மேயருக்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஆனால் வோட்டு மட்டும் போதுமா? 1871-ல் பெருந்தீயில் வெந்த ஊர் அது. மெல்லத் தலை நிமிர்ந்துகொண்டிருந்த சமயம், 1873-ல், டேவிட் கேஜ் என்ற பொக்கிஷதார் பதவியை விட்டார். கணக்குப் பார்த்தால் 5 லட்சம் டாலருக்கு மேல் காணோம்! நகரப் பணத்துக்கு வரும் வட்டியைப் பொக்கிஷதாரே எடுத்துக்கொள்வது அந்நாளில் சகஜம். பழக்கமாகிவிட்டால் கேட்பார் ஏது?

சாவியை நல்லவரிடம் கொடுப்பது பாதி வேலைதான். அவ்வப்போது பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பது மீதிப் பாதி. உங்கள் மாதர் சங்கப் பொக்கிஷதார் தங்கமானவர்தான். இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் கணக்கைக் கேளுங்கள். தங்கமானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்!