ஒப்பாரியும் பேரேடும்

ஆப்பிரிக்கா இன்றும் பின்தங்கிக் கிடப்பதற்கு வெள்ளைக்காரனைக் காரணம் காட்டுவது வெறும் ஒப்பாரி என்று நண்பர் ஒருவர் எழுதுகிறார். விடுதலை கிடைத்து அறுபது வருஷமாயிற்றாம். வங்கியில் பேரேடு பார்த்துப் பிழைக்கிறவன் நான். கணக்கு தீர்ந்ததா என்று பார்க்காமல் அழுகையை நிறுத்தச் சொல்ல எனக்கு வராது.

1833இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் செய்தபோது இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது, அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு. அதற்காக வாங்கிய கடன் முழுசாகத் தீர்ந்தது 2015இல்தான். மனிதர்களைப் பறிகொடுத்த ஆப்பிரிக்கக் கரைக்கு அதில் சல்லிக்காசு போகவில்லை. பிறகு அங்கே போட்ட ரயிலும் பெரும்பாலும் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கே ஓடியது.

இதெல்லாம் தூரத்து விவகாரம் என்கிறவர்கள் காட்பாடிக்கு வரலாம். மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களில் விடுதலையான அடிமைகளின் இடத்தை நிரப்ப இந்தியக் கூலிகளைத்தான் கப்பலேற்றினார்கள். 1860இல் நேட்டாலுக்கு முதல் கப்பல் 'ட்ரூரோ' புறப்பட்டது சென்னையிலிருந்து. 1911க்குள் நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேரில் நம் வடஆற்காட்டார் ஏராளம். தொடக்கக் கூலி மாதம் பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தவன் சுதந்திரமாக அங்கே தங்க நினைத்தால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி என்றது 1895 சட்டம். ஆறு மாதக் கூலி.

அதே நேட்டாலிலிருந்து பிற்பாடு வாட்டில் மரப்பட்டை வந்து, ஆம்பூர், வாணியம்பாடித் தொட்டிகளில் ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிடித்தது. பாதி பதனிட்ட தோல் லண்டனுக்குப் போகும். மெருகும் லாபமும் அங்கே. 1947க்குப் பிறகும் இருபத்தைந்து வருஷம் இதே கதைதான். 1970களில் டில்லி பாதித்தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்ட பிறகே பூட்ஸ் தைக்கும் தொழில் இங்கே வேர் பிடித்தது. (பாலாறு அதற்குக் கொடுத்த விலையைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.) கானாவும் ஐவரி கோஸ்ட்டும் சேர்ந்து உலகக் கோகோவில் பாதியளவு விளைவிக்கின்றன, சாக்லேட்டில் கொழிப்பது ஐரோப்பா. அப்படியொரு கடிவாளம் போட அந்த நாடுகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் எவ்வளவு இடம் விட்டார்கள் என்று நண்பர் விசாரிக்கட்டும்.

ஆளைப் பிடித்து விற்றது ஆப்பிரிக்க அரசர்களே என்பது அவருடைய துருப்புச்சீட்டு. இங்கும் ஆள் சேர்த்துக் கொடுத்தவன் உள்ளூர்த் தரகன்தான். பண்ணையில் அடிமையாய்க் கிடந்த சேரிக்காரனுக்குக் கப்பலே விடுதலையாகத் தெரியும்படி வைத்திருந்தவர்கள் நம் மிராசுதார்கள். இதைச் சொல்லாத காலனிய எதிர்ப்பு போலியானது. ஆனால் தரகன் உள்ளூர்க்காரன் என்பதற்காக, வாங்கியவன் பேரில் எழுதிய பற்று ரத்தாகிவிடுமா?

பீஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி எழுதினார். நேட்டாலுக்குப் போன வடஆற்காட்டுக் குடும்பத்தைப் பற்றி ஒரு தமிழ் நாவல் நான் படித்ததில்லை. நாமோ செசேரையும் செங்கோரையும் மொழிபெயர்த்து, எவனோ ஒரு அந்நியனின் வேதனை என்று சிலாகித்துக்கொண்டிருக்கிறோம்.