தாழ்ப்பாள் வெளிப்பக்கம்

எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் ஆறை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 1989-ல் அத்தை கல்யாணத்தில் தொடங்கி 2016 வரை. தங்கள் நல்வரவை விரும்பும் பட்டியலில் தாய்மாமன், ஒன்றுவிட்ட பெரியப்பா, துபாய் மாப்பிள்ளை, இன்னும் பேச்சுவராத பேரன்கள் வரை உண்டு. சித்தப்பா பெயர் ஒன்றில்கூட இல்லை. ஆறு கல்யாணத்தின்போதும் அவர் இருந்தார். அதே வீட்டில், கொல்லைப்புற அறையில்.

தாத்தா செய்தது என்று பழியைப் பழைய தலைமுறை மேல் போட்டுவிட முடியாது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு நாங்கள். பேரன் பேத்திகள் ஒன்பது பேர், அதில் ஒருத்தி நர்ஸ். பெண் பார்க்க ஆள் வந்தால் சித்தப்பாவை முந்தின நாளே அறைக்குள் விட்டு, அவருக்குப் பிடித்த பக்கோடாவையும் வைத்துச் சாத்திவிடுவோம். யாராவது கேட்டால், வடநாட்டில் வேலை. எந்த ஊர் என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை இருந்ததில்லை. நான் நாக்பூர் என்பேன், அக்கா பிலாய் என்பாள்.

பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில் அவருக்குத் தூக்கம் போனது. மாநிலச் செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லித் திட்டுவதாகச் சொன்னார். முதலில் காற்றுக் கருப்பு என்றோம், பிறகு பங்காளி வைத்த செய்வினை என்றோம். குணசீலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைத்தோம். அதை ஊரில் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படவில்லை, பெருமாள் சன்னதிதானே. ஆஸ்பத்திரி என்ற பேச்சு எழுந்தபோதுதான் எங்களுக்குக் குடும்ப மானம் நினைவுக்கு வந்தது.

சினிமாவையும் சொல்ல வேண்டும். சென்னை மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. இவ்வளவு பழைய மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை நாம் வசவாக்கினோம். கீழ்ப்பாக்கம் என்று காமெடியன் சொன்னால் போதும், கொட்டகை சிரித்தது, நாங்களும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து அதையே சொல்லி ஒருவரையொருவர் கிண்டல் செய்வோம். கொல்லைப்புறத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் முணுமுணுப்பு அந்த நேரத்தில் நின்றுபோகும். நின்றது எங்களுக்குத் தெரியும்.

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கீற்றுக் கொட்டகை விடியற்காலையில் பற்றி எரிந்தது. காலில் சங்கிலி, ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ராத்திரி செய்தியில் அதைப் பார்த்துவிட்டு அம்மா தட்டைத் தள்ளி வைத்தார். "பெத்த புள்ளையச் சங்கிலியில போட எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்று பாட்டி அழுதார். அழுது முடித்து, சித்தப்பாவுக்கு மோர் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு போனார். அந்த அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. வெளிப்பக்கம் உண்டு, பித்தளை. கிறீச்சிடக் கூடாதென்று பொங்கலுக்குப் பொங்கல் தேங்காய் எண்ணெய் விட்டது நான்.

சித்தப்பாவுக்கு வந்த நோய்க்கான மாத்திரை 1950-களிலேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர 2009 ஆனது. நர்ஸ் தங்கைதான் யாரையும் கேட்காமல் ஆட்டோ வைத்து அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மனச்சிதைவு என்றார்கள், மாதாமாதம் வரச் சொன்னார்கள். நாலைந்து மாதத்தில் தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போய்வந்தார். குரல்கள் முழுக்க விலகவில்லை. "இப்ப மெதுவாத்தான் பேசறாங்க, நான் கண்டுக்கறதில்ல" என்பார்.

இந்த நோயாளிகள் பணக்கார நாடுகளைவிட நம்மைப் போன்ற நாடுகளில் நன்றாகத் தேறுகிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு ஆக்ராவையும் சேர்த்து நடத்திய ஆய்வில் தெரிந்ததாம். கூட்டுக் குடும்பம்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் கூட்டுக் குடும்பத்தை அவர்கள் பார்க்கவில்லை. வீட்டில் ஓயாமல் குத்திக்காட்டினால் நோய் திரும்பும் என்பதும் ஆய்வில் வந்ததுதான், லண்டனில். எங்களுக்கு அதை டாக்டர் நேராகவே சொன்னார்: "மாத்திரைய நான் தர்றேன், வாய நீங்க பாத்துக்குங்க."

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. பத்திரிகையில் பெயரை விடுவதற்கு அதில் பிரிவு இல்லை.

இத்தனையும் எழுதிவிட்டு நான் மட்டும் நல்லவனாகத் தள்ளி நிற்க முடியாது. 2019-ல் எனக்கும் தூக்கம் போனது. காலையில் எழுந்து பல் தேய்ப்பதே மலையாகத் தெரிந்தது. பக்கத்து ஊர் டாக்டரிடம் போனேன். மனைவியிடம் பல் டாக்டர் என்றேன். மூன்று மாதத்தில் எத்தனை பல் பிடுங்கியிருப்பார்கள் என்று அவள் கணக்குக் கேட்கவில்லை. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்தேன். ஒருநாள் காலி அட்டையைக் குப்பைக் கூடையில் சித்தப்பா பார்த்துவிட்டார்.

"தம்பி, சாப்பிட்டப்புறம் போடு. மொத ரெண்டு வாரம் வாய் காயும், பயந்துக்காத."

வேறொன்றும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

இந்த ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பட்டியல் எழுதும் பொறுப்பு என்னுடையது. சித்தப்பா பெயரையும் எழுதினேன். "சம்பந்தி வீட்ல யாருன்னு கேட்டா?" என்றார் அண்ணி. "சின்னத் தாத்தான்னு சொல்லுங்க" என்றாள் நர்ஸ் தங்கை. அண்ணி அப்புறம் பேசவில்லை. அது சம்மதமா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அச்சகத்திலிருந்து புரூஃப் வாட்ஸப்பில் வந்தது. நாங்கள் நான்கு பேர் பார்த்துச் சரி என்றோம். போனைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். தன் பெயரில் விரல் நின்றது.

"தம்பி, இனிஷியல் தப்பு. உங்கப்பா பேர் எழுத்தப் போட்ருக்க. எனக்கு உங்க தாத்தா பேருல்ல?"

அச்சகத்துக்குப் போன் செய்தேன். பிளேட் போட்டாயிற்று, மாற்றினால் தனிக் காசு ஆகும் என்றார்கள். மாற்றச் சொன்னேன்.