புள்ளிகளுக்குள் ஒளியும் பிழை

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வலை கிழிந்தால் யாருக்கும் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. ஊசியும் நூலும் வீட்டிலேயே இருக்கும், கைப்பழக்கமும் இருக்கும். ஆனால் அதே கரையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில், மின்னஞ்சல் மென்பொருள் "பாஸ்வேர்டு தவறு" என்று சொல்லிவிட்டால்? பொன்னேரியிலிருந்து கம்ப்யூட்டர் தெரிந்தவர் வரும்வரை வேலை அப்படியே நிற்கும்!

இது சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீனவக் குடும்பங்களுக்கான தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாகத் தமிழக அரசு 2023-ல் அறிவித்தது. விடுபட்ட ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி அந்த அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டில் ஒரு எழுத்து பிசகினால், காத்திருப்பது அலுவலகம் அல்ல, ஒரு குடும்பம்.

சரி, பிசகு எப்படி நேர்கிறது? ஒன்று, கேப்ஸ் லாக். இன்னொன்று நம் ஊருக்கே உரியது. தமிழில் கடிதம் அடித்தவர், விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து பாஸ்வேர்டை அடித்துவிடுவார். திரையில் தெரிவதெல்லாம் கறுப்புப் புள்ளிகள். உள்ளே போனது என்ன என்று யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்கு "நினைவில் வைத்துக்கொள்" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தால், மென்பொருள் அதே தவறைத் திரும்பத் திரும்ப அனுப்பும். சில சேவைகளில் கணக்கே பூட்டிக்கொள்ளும்.

சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. முதலில் பாஸ்வேர்டை நோட்பேடில் அடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததும் அழித்துவிட வேண்டும். பிறகு பிரவுசரில் நேராக நுழைந்து பார்க்க வேண்டும். அங்கே திறந்தால், பிழை மென்பொருளின் நினைவில்தான். தண்டர்பேர்டில் சேமித்த பாஸ்வேர்டுகள் பட்டியலிலும், அவுட்லுக் என்றால் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரிலும் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக அடித்தால் போதும். கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால், அனுப்பும் சர்வருக்கான பாஸ்வேர்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஜிமெயில் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெறும் பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கேட்கும் பழைய மென்பொருட்களை 2022 மே 30 முதல் கூகுள் படிப்படியாக நிறுத்திவிட்டது. அங்கே சரியான பாஸ்வேர்டும் "தவறு" என்றே திரும்பும்.

இவ்வளவு எளிதான வேலைக்கு ஏன் ஒருவரின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டும்? குற்றம் தட்டச்சு செய்தவர் மீது மட்டும் இல்லை. அடித்ததைக் காட்டாமல் மறைக்கும் திரைக்கும் அதில் பங்கு உண்டு. பாஸ்வேர்டைப் பார்த்துச் சரிபார்க்கும் வசதி தரப்பட வேண்டும் என்று அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமே 2017-ல் தன் வழிகாட்டுதலில் எழுதியது. தோளுக்குப் பின்னால் யாரும் நிற்காத அறையில் புள்ளிகள் யாரிடமிருந்து எதைக் காக்கின்றன?

மீதிப் பங்கு அலுவலகங்களுடையது. பாஸ்வேர்டு ஓரிருவரிடம் இருப்பதுதான் முறை. ஆனால் அதைச் சரிசெய்யும் வழி அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் நடப்பதோ தலைகீழ்! பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் சீட்டாக ஒட்டியிருக்கும், சரிசெய்யும் வழி ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் இந்த நாலு படிகளை எழுதி ஒட்டட்டும். வலை பின்னத் தெரிந்த ஊருக்கு இதுவா கஷ்டம்?