எண்ணாகிப் போன பெயர்கள்

நோயாளன் மருத்துவனிடம் கூறியது மருத்துவனோடு நிற்க வேண்டும் என்பது தொன்மையான அறம். கிரேக்க நாட்டு ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலும் அது இடம்பெற்றுள்ளது. நோயாளன் உயிரோடிருக்கும் வரை இவ்வறத்தில் ஐயத்துக்கு இடமில்லை. அவன் மறைந்து, அவனுடைய மக்களும் மறைந்த பின்னர், அந்த இரகசியம் யாருக்காகக் காக்கப்படுகின்றது? ஐக்கிய அமெரிக்காவில் வரலாற்றாசிரியரும் சட்ட அறிஞரும் நெடுங்காலமாக வாதித்து வரும் வினா இது.

அந்நாட்டில் 1996இல் நிறைவேறிய சுகாதாரக் காப்புறுதிச் சட்டமொன்றின் கீழ் வகுக்கப்பட்ட அந்தரங்க விதிகள் 2003இல் நடைமுறைக்கு வந்தன. உயிரோடிருப்பவர், இறந்தவர் என்ற வேறுபாடு அவற்றில் இருக்கவில்லை. காப்புக்குக் கால எல்லையும் இல்லை. வைத்தியசாலை தன் பழம் பதிவேடுகளைத் தானே வைத்திருந்தால், நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய நோயாளனும் நேற்று வந்த நோயாளனும் அங்கே ஒன்றே. 2013இல் இக்குறை ஓரளவு நீங்கியது. ஒருவர் இறந்து 50 ஆண்டுகள் கழிந்தால் அவரைப் பற்றிய குறிப்புகளுக்கு இவ்விதிகள் பொருந்தா எனத் திருத்தினர்.

ஆயினும் இடர் தீர்ந்துவிடவில்லை. பதிவேட்டின் ஒரே பக்கத்தில் பல பெயர்கள் இருக்கும். அவர்களுள் யார் எப்போது இறந்தார் என்பதை அப்பக்கம் சொல்லாது. மேலும், மாநிலச் சட்டம் இதனினும் கடுமையாயின் மாநிலச் சட்டமே செல்லும்.

நெபிராஸ்கா மாநிலத்து ஹேஸ்டிங்ஸ் நகரில் பழைய மனநோய் வைத்தியசாலையொன்றின் இடுகாடு உள்ளது. அங்கே புதையுண்ட 957 பேரின் கல்லறைகளில் பெயர் இல்லை; எண்களே உள்ளன. அப்பெயர்களைத் தருமாறு உள்ளூர் வரலாற்றுக் கழகம் கேட்டது. அந்தரங்கச் சட்டத்தைக் காட்டி அதிகாரிகள் மறுத்தனர். வழக்கு மாநில உயர் நீதிமன்றம் வரை சென்று, 2009இல் கழகத்தின் பக்கம் தீர்ப்பாயிற்று.

நியூயோர்க் மாநிலத்தின் கதை வேறு. அங்கே வில்லார்ட் மனநோய் வைத்தியசாலை 1995இல் மூடப்பட்டபோது, மேன்மாடத்தில் நானூறுக்கு மேற்பட்ட பயணப் பெட்டிகள் கிடைத்தன. நோயாளர் வந்த நாளிற் கொணர்ந்த உடைமைகள் அவற்றில் இருந்தன. மாநில நூதனசாலை அவற்றைக் காத்தது, காட்சியும் வைத்தது. ஆனால் பெட்டிக்குரியவர்களின் முழுப் பெயரைச் சொல்லச் சட்டம் இடந்தரவில்லை. ஒருவரது உடையையும் கடிதத்தையும் ஊரார் காணலாம். பெயரை மட்டும் அறியலாகாது!

மறுதரப்பாரின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. பெயர் வேறு, நோய் வேறு எனப் பிற வைத்தியசாலைகளில் பிரித்துப் பேசலாம். மனநோய் வைத்தியசாலையின் இடுகாட்டிலோ பெயரே நோயையும் சொல்லிவிடுகின்றது. சில நோய்கள் வழிவழி வருவன. பாட்டியின் ஏடு பேத்தியின் வாழ்வையும் தொடலாம். ஆகவே வைத்தியர் எழுதிய உட்குறிப்புகளைக் காலம் கனியும் வரை மூடிவைப்பது முறையே. பிரித்தானியாவிலே நோயாளர் ஏடுகளைப் பொதுவாக நூறாண்டுகள் மூடிவைக்கும் வழக்கம் இக்கருத்தின்பாற்பட்டதே.

ஆனால் எல்லையற்ற இரகசியம் நோயாளனைக் காப்பதில்லை. அவனை அடைத்துவைத்த நிறுவனத்தையே காக்கின்றது. யாரை, எக்காரணத்தால், எத்தனை ஆண்டு அடைத்துவைத்தனர் என்பதை ஏடுகளின்றி எவரும் கேட்க இயலாது. மனநோயை இழிவென எண்ணியது அக்காலச் சமூகம். அவ்விழிவை நோயாளர் தாமாக ஏற்றாரல்லர். அதற்கஞ்சி இன்றும் பெயரை மறைப்போமாயின், அந்த இழிவு மெய்யென்று நாமே ஒப்புக்கொண்டவராவோம்.

அந்தரங்கம் மனிதனுக்குரிய மதிப்பிலிருந்து பிறந்தது. கல்லறையிற் பெயர் பெறுவதும் அம்மதிப்பில் ஒரு கூறே. முன்னதைக் காக்கும் சட்டம் பின்னதைப் பறித்தலாகாது.