குந்தி உக்காந்தா ஸ்போர்ட்ஸா?

கொஞ்சம் காட்டமான பதிவு. வழக்கமான மொக்கைக்காக வந்தவங்க மன்னிச்சுக்குங்க, அது அடுத்த வாரம்.

பிசியோதெரபி படிச்ச நண்பர் ஒருத்தர் போன வாரம் சாட்ல வந்து, "மருத்துவக் கேள்வித்தாளை மொழிபெயர்க்கறதுக்கு உருப்படியான முறை இருக்குய்யா, நீங்க சாப்ட்வேர்ல பண்ற மாதிரி அரைகுறை வேலை கிடையாது"ன்னு பீத்திக்கிட்டார். உதாரணத்துக்கு அவர் எடுத்தது ஹவுஸா. வடக்கு நைஜீரியாவுலயும் தெற்கு நைஜர்லயும் கோடிக்கணக்கான பேர் பேசற மொழி. மூட்டுத் தேய்மான நோயாளிகளுக்கான கேள்வித்தாளை ஹவுஸாவுக்குக் கொண்டு போய் எப்படி 'வேலிடேட்' பண்றதுன்னு அரைமணி நேரம் விளக்கினார். அந்த எரிச்சல்ல எழுதறதுதான் இது.

முறை இதுதான். ரெண்டு பேர் தனித்தனியா இங்கிலீஷ்லேர்ந்து ஹவுஸாவுக்கு மாத்தணும். ரெண்டையும் ஒண்ணாக்கணும். மூலத்தைப் பார்க்காத வேற ரெண்டு பேர் அதைத் திரும்ப இங்கிலீஷாக்கணும். நிபுணர் குழு உக்காந்து ஒப்பிடணும். முப்பது நாப்பது நோயாளிங்ககிட்ட கொடுத்துப் பார்க்கணும். அப்புறம் பெரிய கும்பல்கிட்ட கொடுத்து க்ரோன்பாக் ஆல்ஃபா, ரெண்டு தடவை கேட்டா ஒரே பதில் வருதான்னு பார்க்கற ஐசிசி, இதெல்லாம் கணக்குப் போட்டு கட்டுரை எழுதணும். 2000லேர்ந்து பல பேர் பின்பற்றற வழிமுறை. சோம்பேறிங்க செய்யற வேலை இல்ல, ஒத்துக்கறேன்.

ஆனா என்னத்தை மொழிபெயர்க்கறாங்க?

வோமாக்குனு ஒரு கேள்வித்தாள். கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல நிக்கோலஸ் பெல்லமி குழு உருவாக்கி 1988ல வெளியிட்டது. 24 கேள்வி. வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாட வேலைகளுக்கு 17. அந்த 17ஐப் பாருங்க. மாடிப்படி ஏறறது, மாடிப்படி இறங்கறது, சாக்ஸ் போடறது, சாக்ஸ் கழட்டறது, கார்ல ஏறி இறங்கறது, குளியல் தொட்டிக்குள்ள போய் வர்றது. ஆச்சா, ஆறு. கட்சினா பக்கத்து கிராமத்துல மண் வீட்டுல இருக்கற ஒரு பாட்டிக்கு மாடி கிடையாது, கார் கிடையாது, தொட்டி கிடையாது, குளியல் வாளியில. சாக்ஸுக்கு ஹவுஸாவுல 'சாஃபா'ன்னு வார்த்தை இருக்கு, அதனால மொழிபெயர்ப்பு சுத்தமா வரும். காலுலதான் சாக்ஸ் இருக்காது.

பாட்டி என்ன சொல்லும்? "அதுல எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லப்பா." பூஜ்யம். ஒவ்வொரு கேள்விக்கும் 0லேர்ந்து 4 வரைக்கும் மார்க், அதிகமானா கஷ்டம் அதிகம்னு அர்த்தம். 17 கேள்விக்கு மொத்தம் 68. ஆறுல பூஜ்யம் விழுந்தா, மீதி பதினொண்ணுலயும் உச்சமே போட்டாலும் 44தான். எந்திரிக்கவே முடியாத பாட்டி கணக்குல 'பரவாயில்லாத' கேஸ் ஆயிடும். மருந்துக்கு முன்ன பின்ன அளந்து பார்த்தாலும் அந்த ஆறு எண்ணும் அசையாது. மருந்து வேலை செய்யலைன்னு எழுதிட்டுப் போவாங்க.

கானோ மாதிரி நகரத்துல மாடியும் காரும் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அங்கயும் சாதாரண ஜனம் ஏறி இறங்கறது பெரும்பாலும் மூணு சக்கர வண்டியில. அதுக்கு அங்க பேரே தனி, அடைடைட்டா சாஹு. கேள்வித்தாள்ல அது இல்ல.

இதைவிடக் கொடுமை, இல்லாத கேள்விங்க. ஹவுஸா ஜனங்க பெரும்பாலும் முஸ்லிம்கள். அஞ்சு வேளைத் தொழுகையில கட்டாயமானது மட்டும் 17 ரக்அத், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சஜ்தா. அதாவது ஒரு நாளைக்கு 34 தடவை மண்டியிட்டு நெத்தி தரையில படணும். முழங்கால் போச்சுன்னா மொதல்ல மாட்டறது அங்கதான். உக்காந்தே தொழலாம்னு மார்க்கத்துல சலுகை உண்டு. ஒரு பெரியவர் என்னிக்கு நின்னு தொழறதை விட்டு உக்காந்து தொழ ஆரம்பிச்சார்ங்கற தேதி, எக்ஸ்ரேயை விடத் தெளிவா அவர் முட்டியோட கதையைச் சொல்லும். வோமாக் அதைக் கேக்கவே கேக்காது. தரைக்குக் குனியறதைப் பத்தி ஒரு கேள்வி இருக்கு, அவ்ளோதான்.

கூஸ்னு இன்னொண்ணு, 1998ல வந்தது, 42 கேள்வி. வோமாக்கோட அந்த 17ஐயும் உள்ளே வச்சுக்கிட்டு மேல சேர்த்தது. இதுல குந்தறதும் மண்டியிடறதும் இருக்கு. எந்தத் தலைப்புக்குக் கீழன்னு நெனக்கறீங்க? விளையாட்டும் பொழுதுபோக்கும்! ஓடறது, குதிக்கறது கூட. ஆக, அடுப்புக்கு முன்னாடி குந்தறது, குழிக் கழிப்பறையில குந்தறது, தொழறது எல்லாம் ஸ்போர்ட்ஸ். வயசானவங்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லைன்னு எவனாவது வெட்டிட்டா சோலி முடிஞ்சுது.

இப்ப மொழிக்கு வருவோம். தமிழ்ல 'நீங்க'ன்னா ஆணும் அடங்கும், பொண்ணும் அடங்கும். ஹவுஸாவுல ஆம்பளைக்கு 'காய்', பொம்பளைக்கு 'கே', வினைக்கு முன்னாடி வர்ற சொல்லும் கூடவே மாறும். அப்ப தாள் ரெண்டா, ஒண்ணா? 'சிவோ'ன்னா வலி, நோயும் அதேதான். 'ஸாஃபி'ன்னா சூடு, வலியும் அதேதான். "உக்காந்திருக்கும்போது சிவோ இருக்கா?"ன்னு கேட்டா, "அது எப்பவும்தான் இருக்கு, உக்காந்தா போயிடுமா?"ன்னு பதில் வரலாம். திரும்ப இங்கிலீஷாக்கறவர் படிச்சவர், கேள்வித்தாள்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவர், அழகா 'வலி'ன்னு போட்டுடுவார். டெஸ்ட் பாஸ்.

எழுத்தும் ஒரு பிரச்சனை. பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றது ரோமன் எழுத்துல எழுதற போக்கோ. குர்ஆன் பள்ளியில மட்டும் படிச்ச பெரியவருக்குத் தெரிஞ்சது அரபி எழுத்துல எழுதற அஜமி. எந்த எழுத்தும் தெரியாதவங்களும் உண்டு. அப்ப யாராவது வாசிச்சுக் காட்டணும். அஞ்சு விடையையும் காதால கேட்டு ஞாபகம் வச்சு 'கடுமை'க்கும் 'மிகக் கடுமை'க்கும் வித்தியாசம் சொல்லணும். தானே நிரப்பற தாளா இருந்தது வேற ஒரு கருவியா மாறிடுது.

நம்ம பொட்டி தட்டற தொழில்ல இது தினப்படி கூத்து. எல்லா டெஸ்ட்டும் பச்சை, கஸ்டமர் கேட்டது மட்டும் இது இல்ல. ஐசிசி நல்லா வந்துச்சாம். தராசுல அம்பது கிராம் ஏமாத்தற காய்கறிக்காரர் நேத்தும் அம்பது, இன்னிக்கும் அம்பது ஏமாத்தினா அதுவும் நல்ல ஐசிசிதான் சாமி.

நண்பரோட பதில்: "கேள்வியை மாத்தினா உலகத்தோட ஒப்பிட முடியாது, உரிமைக்காரங்களும் விடமாட்டாங்க." எதை எதோட ஒப்பிடறீங்க? கனடாக்காரரோட மாடிப்படியை பாட்டியோட இல்லாத மாடிப்படியோடவா? மாத்த விடலைன்னா விட்டுட்டுப் போங்கய்யா. இபாடான் பல்கலைக்கழகத்து பிசியோதெரபிக்காரங்க அதைத்தானே செஞ்சாங்க, நைஜீரிய நோயாளிங்களுக்குன்னு முழங்கால்-இடுப்புக்கு சொந்தமா ஒரு அளவுகோல். இபாடான் யோருபா ஊர்தான், ஹவுஸாவுக்குக் கொண்டு வர்றதுலயும் வேலை இருக்கு. ஆனா ஒன்டாரியோ தூரம் இல்ல.

அதுவும் முடியலைன்னா குறைஞ்சபட்சம், எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் "நான் அதைச் செய்யறதே இல்ல"ன்னு சொன்னாங்கன்னு கட்டுரையில ஒரு அட்டவணை போடுங்க. கூஸ் தாள் மேலயே, உறுதியாத் தெரியலைன்னா முடிஞ்சவரைக்கும் சரியான பதிலா கொடுங்கன்னு இருக்கு. அந்த 'முடிஞ்சவரைக்கும்'ல எத்தனை பூஜ்யம் ஒளிஞ்சிருக்குன்னாவது தெரியட்டும்.

"ஆல்ஃபா 0.9 இருக்கே"ன்னு பின்னூட்டம் போட வர்ற மக்களுக்கு: கேள்விகளுக்கு நடுவுல சராசரி ஒட்டுறவு வெறும் 0.35னு வச்சுக்குங்க. 17 கேள்வி போட்டா ஆல்ஃபா 0.90. அதே 0.35க்கு 5 கேள்வி போட்டுப் பாருங்க, 0.73. கால்குலேட்டர் எல்லார்கிட்டயும் இருக்கு இல்ல?