மகன் வீட்டுக்கு 60 நாள் விசா!

திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் ஷார்ஜா. காரைக்காலில் இருந்து பஸ்சில் சென்னை போய்ச் சேர அதைவிட அதிக நேரம் பிடிக்கும்! அதனால்தான் வயதான பெற்றோர்கூட, "ஒரு எட்டு மகனைப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று துணிந்து புறப்பட்டு விடுகிறார்கள். பெட்டியில் துணிமணி குறைவு. கருவாடு, வடகம், முறுக்கு, ஊறுகாய்தான் அதிகம்.

1971-ல் உருவான ஐக்கிய அரபு அமீரகத்தில் ஷார்ஜாவும் ஓர் அரசு. பக்கத்திலேயே துபாய். துபாயில் வாடகை அதிகம். ஆகவே, அங்கே வேலை பார்க்கும் பலர் ஷார்ஜாவில் குடியிருந்து தினமும் போய் வருகிறார்கள். காலையும் மாலையும் அந்தச் சாலையில் மோட்டார்கள் எறும்புச் சாரிபோல ஊரும். தகப்பனார் வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடும்.

லீவு நாள்

முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் லீவு நாளில்தான். முன்பு வெள்ளியும் சனியும் விடுமுறை. 2022 ஜனவரி முதல் அமீரக அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை. ஷார்ஜா அரசோ வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் விட்டுவிட்டது! ஆனால் கம்பெனி ஊழியர் எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பலருக்கு வாரத்தில் ஒரே நாள்தான்.

அந்த ஒரு நாளில் அவசரமே கிடையாது. பத்து மணிக்கு இட்லி. இரண்டு மணிக்குக் கறிக்குழம்பு. பிறகு ஒரு குட்டித் தூக்கம். வெளியே கோடை வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று தடையே இருக்கிறது. ஆகவே கதவு, ஜன்னல் எல்லாம் மூடிக் கிடக்கும். அரசலாற்றுக் காற்று வாங்கிப் பழகிய பாட்டிக்கு மூச்சு முட்டும்! மாலையில் கடலோரப் பூங்கா. ஒருநாள் ஊர் எல்லை தாண்டிப் போய் செம்மணல் மேடுகளைக் காட்டுவார்கள். பேரப்பிள்ளைகள் சறுக்கி விளையாடும்.

எத்தனை நாளைக்கு?

தாத்தா, பாட்டிக்குக் கிடைப்பது பெரும்பாலும் 30 நாள் அல்லது 60 நாள் விசா. நாள் முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். மகன் மட்டும் நிரந்தரமா? அதுவும் இல்லை. மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் கம்பெனி வீடும் வேண்டும். வேலை போனால் விசா போகும். மனைவி மக்களின் விசாவும் கூடவே போகும். மகன்களைத் தந்தை தம் பொறுப்பில் வைத்துக்கொள்வதற்கும் 25 வயதுதான் எல்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த பையனானாலும் அதன் பிறகு சொந்த விசா தேட வேண்டும். பிறந்த ஊர் என்பதற்காகப் பிரஜா உரிமை கிடையாது.

2019-ல் வந்த 'கோல்டன் விசா' பத்து ஆண்டு வரை தங்க விடுகிறது. முதலீட்டாளர், டாக்டர், விஞ்ஞானி போன்றோருக்கு அது பயன்படும். கடைச் சிப்பந்திக்கு எட்டாக்கனி.

காரைக்காலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காகிதம்தான்! அந்த உரிமை பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கி வந்தது. 2022-ல் பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலுக்குக் காரைக்காலிலேயே ஓட்டுச்சாவடி வைத்தார்கள். அமீரகத்தில் முப்பது வருஷம் உழைத்தவருக்கு அங்கே ஓட்டு இல்லை.

பணம் வருகிறதே என்பார்கள். வருகிறது, சம்பளத்துக்கு வருமான வரியும் கிடையாது. 1966 வரை அந்தக் கரையில் செலாவணியானது நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரூபாய்தான். இன்று நம் குடும்பங்கள் திர்ஹாமை எதிர்பார்க்கின்றன! ஆனால், 2016-17-ல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் 26.9 சதவிகிதம் அமீரகத்தில் இருந்து வந்தது. 2023-24-ல் அது 19.2 சதவிகிதம். அமெரிக்கா 27.7 சதவிகிதத்துடன் முந்திவிட்டது. படிப்புக்கு ஏற்ற வேலை எங்கே உண்டோ, பணமும் அங்கிருந்துதான் வரும்.

ஆகவே, லீவு நாள் பேச்சு எப்படியும் பேரனின் மேற்படிப்பில் வந்து நிற்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியரின் பிள்ளைகளுக்கென்று என்.ஐ.டி. கல்லூரிகளில் தனிப் பிரிவே உண்டு. புதுச்சேரி என்.ஐ.டி. இருப்பதோ காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில். பேரனுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டால், பாட்டி வீட்டுக்கு டவுன் பஸ்சே போதும். விசா வேண்டாம்!